திரைமுகப்பில் ஒரு கைகாட்டி: கணினிக் குறுக்குவழி குறித்து ஓர் அறிமுகம்

முன்னுரை

எழுதுகோலின் இடத்தைக் கணினி பெற்றுவிட்ட காலம் இது. 2011ஆம் ஆண்டு தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிய பின்னர், நம் கடற்கரைச் சிற்றூர்களின் எளிய இல்லங்களிலும் கணினி புகுந்தது. ஆயினும் அதனை இயக்க அறிந்த அளவிற்கு அதன் இயல்பை நாம் அறிந்திருக்கிறோமா என்பது சிந்தித்தற்குரியது.

ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து முடித்த மாணவி ஒருவர், திரையில் தெரியும் சின்னத்தைப் பென் டிரைவில் படியெடுத்துக்கொண்டு அச்சிடும் கடைக்குச் செல்கிறார் எனக் கொள்வோம். அங்கே அக்கோப்பு திறக்க மறுக்கிறது. ஏட்டை ஒப்படைக்க வேண்டிய இறுதி நாளும் அதுவே. அவர் எடுத்துச் சென்றது ஆய்வேடு அன்று. ஆய்வேட்டைச் சுட்டும் குறுக்குவழி மட்டுமே. இத்தகைய இடர் நேராதிருக்கும் பொருட்டு, குறுக்குவழியின் இயல்பு, அதனை ஆக்கும் முறை, நீக்கும் முறை ஆகியவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

குறுக்குவழி என்பது யாது?

கணினியைத் திறந்தவுடன் தோன்றும் முதல் திரையைத் திரைமுகப்பு அல்லது டெஸ்க்டாப் என்கிறோம். அதில் தோன்றும் சின்னங்களுள் சிலவற்றின் இடப்புறக் கீழ் மூலையில் வளைந்த சிறு அம்புக்குறி ஒன்று காணப்படும். அதுவே குறுக்குவழியின் அடையாளம். ஆங்கிலத்தில் இதனை ஷார்ட்கட் என்பர்.

சாயல்குடியிலிருந்து மாரியூருக்குச் செல்லும் சாலையில் 'மாரியூர்' என்று எழுதிய கைகாட்டிப் பலகை ஒன்று நிற்பதாகக் கொள்வோம். பலகையில் ஊரின் பெயர் உண்டு, ஊர் இல்லை. மாரியூரின் உப்பளமும் கோயிலும் கடலும் அங்கிருந்து தொலைவில் உள்ளன. பலகையைப் பிடுங்கி வீட்டிற்கு எடுத்துச் சென்றால் மாரியூர் நம்முடன் வந்துவிடுவதில்லை. குறுக்குவழியும் அத்தகையதே. மூலக் கோப்பு எந்த இடத்தில் உள்ளது என்னும் முகவரியே அதனுள் அடங்கியிருக்கும்.

தமிழ் மாணவர்க்கு இக்கருத்து புதிதன்று. 'ஊர் சிரித்தது' என்னுமிடத்து, ஊர் என்னும் இடப்பெயர் அங்கு வாழும் மக்களுக்கு ஆகி வருகிறது. இதனை இடவாகுபெயர் எனப் பயில்கிறோம். ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய பிறிதொன்றைச் சுட்டுவது போலவே, ஒரு சின்னம் வேறிடத்திலுள்ள கோப்பைச் சுட்டி நிற்கிறது எனலாம்.

தோற்றமும் வளர்ச்சியும்

இக்கருத்து ஒரே நாளில் தோன்றியதன்று. 1983இல் வெளிவந்த பெர்க்லி யுனிக்ஸ் 4.2 பதிப்பிலேயே ஒரு கோப்பிலிருந்து மற்றொன்றைச் சுட்டும் குறியீட்டு இணைப்பு இடம்பெற்றது. 1991இல் ஆப்பிள் நிறுவனம் தன் சிஸ்டம் 7இல் 'ஏலியாஸ்' என்னும் பெயரால் இவ்வசதியை அளித்தது. 1995 ஆகஸ்டு 24 அன்று வெளியான விண்டோஸ் 95 வாயிலாக ஷார்ட்கட் உலகெங்கும் பரவியது.

உருவாக்கும் முறை

1. வேண்டிய கோப்பின் மீது சுட்டியை வைத்து அதன் வலப்புறப் பொத்தானை அழுத்துக.
2. தோன்றும் பட்டியலில் 'சென்ட் டு' என்பதையும், அடுத்து 'டெஸ்க்டாப்' என்பதையும் தேர்க. விண்டோஸ் 11இல் முதலில் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதைத் தேர்தல் வேண்டும்.
3. திரைமுகப்பில் அம்புக்குறியுடன் புதிய சின்னம் தோன்றும். மூலக் கோப்பு தன் இடத்திலேயே இருக்கும்.

ஒரு சின்னம் எதனைச் சுட்டுகிறது என அறிய விரும்பினால், அதன் மீது வலப்புறப் பொத்தானை அழுத்தி 'ப்ராப்பர்டீஸ்' பகுதிக்குச் சென்று, 'டார்கெட்' என்னுமிடத்தைக் காண்க. மூலத்தின் முழு முகவரியும் அங்கிருக்கும். கோப்பின் அளவும் ஒரு சான்றாகும். நூறு பக்க ஆய்வேடு ஓரிரு கிலோபைட்டில் அடங்காது. குறுக்குவழியோ பெரும்பாலும் அவ்வளவே இருக்கும்.

நீக்கும் முறை

குறுக்குவழியைத் தேர்ந்து 'டெலீட்' விசையை அழுத்தினால் அது நீங்கும். மூலத்திற்கு ஊறு நேராது. கைகாட்டியை அகற்றினால் ஊர் அழிவதில்லை அன்றோ! அதுபோலவே, ஒரு மென்பொருளின் குறுக்குவழியை நீக்கியதனால் அம்மென்பொருள் கணினியை விட்டு அகன்றுவிட்டதாகக் கருதுதலும் பிழை. அதனை 'செட்டிங்ஸ்' பகுதியில் முறைப்படி நீக்குதல் வேண்டும்.

ஆயின் இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. திரைமுகப்பிலேயே சேமிக்கப்பட்ட கோப்புகளும் உண்டு. அவற்றின் சின்னத்தில் அம்புக்குறி இராது. அதனை நீக்கினால் மூலமே நீங்கும். தவறி நீக்கியவர் உடனே 'ரீசைக்கிள் பின்' பகுதியில் தேடி மீட்டுக்கொள்ளலாம்.

மூலம் அழிந்து குறுக்குவழி மட்டும் எஞ்சுவதும் உண்டு. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி ரயில் நிலையம் அழிந்தது. அந்நிலையத்திற்கு வழிகாட்டும் பழைய பலகை எங்கேனும் எஞ்சியிருப்பின், அது இடிபாடுகளுக்கே நம்மை அழைத்துச் செல்லும். மூலத்தை இழந்த சின்னமும் அத்தகையதே. அதனை நீக்கிவிடுதலே தக்கது.

தீநிரலும் குறுக்குவழியும்

பலர் கைபட்ட பென் டிரைவில் கோப்புறைகள் யாவும் திடீரென அம்புக்குறியுடன் தோன்றுமாயின், அது தீநிரலின் வேலையாகலாம். மூலக் கோப்புகளை மறைத்துவிட்டு, அவற்றின் பெயரால் போலிக் குறுக்குவழிகளை அது வைக்கிறது. அவற்றைத் திறத்தல் கூடாது. அனைத்தும் போயிற்றெனக் கலங்கிப் பென் டிரைவை முற்றும் அழித்தலும் கூடாது. வைரஸ் எதிர்ப்பு மென்பொருளால் தூய்மை செய்து, மறைக்கப்பட்ட கோப்புகளையும் காக்கப்பட்ட இயக்கமுறைமைக் கோப்புகளையும் காட்டுமாறு கணினியை அமைத்துத் தேடினால், மூலங்கள் பெரும்பாலும் அங்கேயே இருக்கக் காணலாம்.

இது சிறு தொல்லை மட்டுமன்று. ஈரானின் நடான்ஸ் அணு எரிபொருள் ஆலையை இலக்காகக் கொண்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரல், 2010இல் உலகிற்குத் தெரியவந்தது. குறுக்குவழிச் சின்னம் திரையில் தோன்றிய அளவிலேயே தீநிரலை இயங்கச் செய்யும் விண்டோஸ் குறைபாட்டை அது பயன்படுத்தியது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2010 ஆகஸ்டில் அக்குறைக்கான திருத்தத்தை வெளியிட்டது.

முடிவுரை

குறுக்குவழி நேரத்தை மிச்சப்படுத்தும் நல்ல கருவி என்பதில் ஐயமில்லை. ஆயினும் சுட்டுவது வேறு, சுட்டப்படுவது வேறு என்னும் தெளிவு அதனைக் கையாள்வோர்க்கு இன்றியமையாதது. ஆய்வேட்டை எடுத்துச் செல்லும் மாணவரும், வினாத்தாளைச் சேமிக்கும் ஆசிரியரும், நிலப் பத்திரங்களையும் கடவுச்சீட்டின் படிகளையும் பென் டிரைவில் காக்கும் பெரியோரும் அம்புக்குறி உண்டா என ஒருமுறை நோக்குக; பின்னர்ப் படியெடுத்த கோப்பை வேறொரு கணினியில் திறந்து பார்க்க. இவ்விரு பழக்கங்களும் பல நாள் உழைப்பைக் காக்கும் என்பது நம் துணிபு.