முதல் சர்வர் தடையின்றி எழும்ப சில குறிப்புகள்

காப்ளர், ஃபோர்மேன், மாஸ் போன்ற திறமூல மென்பொருள்கள், நெட்வொர்க் வழியாகவே பல சர்வர்களுக்கு ஓ.எஸ். ஏற்றிக் கொடுப்பவை. ஓடத் தொடங்கிவிட்டால் இவற்றை விட மனசு வராது. ஆனால் அந்தக் கட்டத்துக்கு வருமுன்பே பலர் சோர்ந்து கைவிட்டுவிடுகிறார்கள். இவற்றுக்குப் பங்களிப்பவர்களும் நிறுவல் கையேடு எழுதுபவர்களும் மனசு வைத்தால் இதை மாற்றலாம்.

1. எதுவரை வந்தால் முதல் வெற்றி என்பதைக் கையேட்டின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். காலி மெஷின் ஒன்றை ஆன் செய்தால், லாகின் கேட்கும் திரை வரை அது தானாக வர வேண்டும். பயனர் குழுக்கள், பேக்கப், இரண்டாவது சர்வர் எல்லாம் அடுத்த அத்தியாயத்துக்குப் போகட்டும்.

2. புதியவர்கள் அதிகம் இடறுவது டி.ஹெச்.சி.பி.யில்தான். அலுவலக ரவுட்டர் ஏற்கெனவே ஐ.பி. முகவரி கொடுத்துக்கொண்டிருக்கும். அதே நெட்வொர்க்கில் நம் சர்வரும் கொடுக்க ஆரம்பித்தால் குழப்பம்தான். மெஷின் ரவுட்டரின் பதிலை எடுத்துக்கொண்டால் முகவரி கிடைக்கும், எந்த பூட் ஃபைலை இறக்குவது என்ற தகவல் இருக்காது. பக்கத்து மேஜை கம்ப்யூட்டர் நம் சர்வரிடம் முகவரி வாங்கிவிட்டால் அங்கே இன்டர்நெட் நின்றுபோகலாம். ஆகவே சேவையைத் தொடங்குமுன், முகவரி கேட்கும் பாக்கெட் ஒன்றை இன்ஸ்டாலரே அனுப்பிப் பார்க்கட்டும். வேறு யாராவது பதில் சொன்னால் அந்த ஐ.பி.யைத் திரையில் காட்டிவிட்டு நிற்கட்டும். ரவுட்டரில் கை வைக்க முடியாதவர்களுக்கு டி.என்.எஸ்.மாஸ்கின் பிராக்ஸி முறையைச் சொல்லிக் கொடுங்கள். முகவரியை ரவுட்டர் தரும், பூட் தகவலை மட்டும் நாம் தருவோம்.

3. இதற்காகவே, முதல் ஒத்திகையை விர்ச்சுவல் மெஷினில் செய்யச் சொல்வது நல்லது. ஆனால் லிப்விர்ட்டின் இயல்பான நெட்வொர்க்கிலும் (192.168.122.0) ஒரு டி.ஹெச்.சி.பி. ஓடிக்கொண்டிருக்கும். அது இல்லாத தனி நெட்வொர்க் ஒன்றை உருவாக்கும் கமாண்டையும் கையேட்டிலேயே கொடுத்துவிடுங்கள்.

4. சோதனைக்கென்று தனி கமாண்ட் வையுங்கள். 'காப்ளர் செக்' இதற்கு நல்ல முன்மாதிரி. என்னென்ன குறை இருக்கிறது, எப்படிச் சரிசெய்வது என்று வரிசையாகச் சொல்லும். ஃபயர்வாலில் யு.டி.பி. 67, 69 போர்ட்கள் திறந்திருக்கின்றனவா, சர்வரின் முழு ஹோஸ்ட்நேம் சரியா, கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்பவை அதில் கட்டாயம் இருக்கட்டும். நேரம் தவறினால் சான்றிதழ்கள் செல்லாமல் போகும். அந்த எரரைப் பார்த்துக் காரணத்தை யூகிக்கப் புதியவரால் முடியாது.

5. மெஷின் திரையில் வரும் எரர்களுக்குப் பொருள் சொல்லுங்கள். பி.எக்ஸ்.இ.-இ51 என்றால் டி.ஹெச்.சி.பி. பதிலே வரவில்லை. இ53 என்றால் பதில் வந்தது, பூட் ஃபைல் பெயர் வரவில்லை. இ32 என்றால் பூட் ஃபைலைத் தர வேண்டிய டி.எஃப்.டி.பி. சர்வர் பேசவில்லை, ஃபயர்வாலைப் பார்க்க வேண்டும். இந்த மூன்று வரி கையேட்டில் இருந்தாலே பாதிப் பேர் தப்பிப்பார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

6. பயாஸ் மெஷினுக்கும் யு.இ.எஃப்.ஐ. மெஷினுக்கும் பூட் ஃபைல் வேறு. தான் எந்த வகை என்பதை மெஷினே டி.ஹெச்.சி.பி. ஆப்ஷன் 93-இல் சொல்லிவிடுகிறது. அதைப் படித்து மென்பொருளே தேர்ந்தெடுக்கட்டும், பயனரைக் கேட்க வேண்டாம்.

7. டேட்டாபேஸ் அமைப்பதை ஒத்திகையில் சேர்க்காதீர்கள். மாஸ், சோதனைக்கென்றே தயார் டேட்டாபேஸ் ஒன்றைத் தனி ஸ்னாப்பாகத் தருகிறது. நிஜப் பயன்பாட்டுக்கு ஓட்டும்போது போஸ்ட்கிரெஸை முறையாக நிறுவிக்கொள்ளலாம்.

8. நிறுவல் முடிந்ததும் வெப் முகவரி, பயனர் பெயர், முதல் பாஸ்வேர்ட் மூன்றும் திரையில் வர வேண்டும். ஃபோர்மேன் இன்ஸ்டாலர் இதைச் சரியாகச் செய்கிறது.

9. நெட்வொர்க் பூட்டை முதலில் வைத்திருக்கும் மெஷின், ஓ.எஸ். ஏற்றி ரீபூட் ஆனதும் மறுபடி நிறுவத் தொடங்கி டிஸ்க்கை அழித்துவிடும். ஒருமுறை மட்டும் நிறுவும் வசதி காப்ளரில் உண்டு. எந்த மென்பொருளிலும் இது இயல்பாகவே ஆன் ஆகியிருக்க வேண்டும்.

10. வெளியிடுமுன், இந்த மென்பொருளைத் தொட்டே பார்க்காத ஒருவரிடம் கையேட்டைக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். வாய் திறக்காதீர்கள். அவர் எங்கே தயங்கினார், எந்த வரியைத் திரும்பப் படித்தார் என்று குறித்து, ஒவ்வொன்றையும் பக் ரிப்போர்ட்டாகப் பதிவு செய்யுங்கள்.