எக்ஸெல்லில் நார்வேயின் எலெக்ட்ரிக் கார் வரிக் கணக்கு

எலெக்ட்ரிக் கார் விலை அதிகமாக இருந்தால் யார் வாங்குவார்கள்? நார்வே அரசு 2001-ல் அதற்கு வாட் வரியை நீக்கியது. பெட்ரோல் காருக்கு வரி தொடர்ந்தது. 2023-ல் ஒரு வரம்பு வந்தது. விலையில் 5 லட்சம் குரோனர் வரை வரி இல்லை. மீதிக்கு மட்டும் 25%. எக்ஸெல்லில் போட்டுப் பார்ப்போமா?

1. ஏ2 செல்லில் வரி சேர்க்காத விலை 600000, பி2-ல் வரம்பு 500000 என டைப் செய்யுங்கள்.

2. சி2-ல் சமக்குறி போட்டு, ஏ2-விலிருந்து பி2-ஐக் கழித்து என்டர் தட்டுங்கள். 100000 வரும்.

3. டி2-ல் சமக்குறி போட்டு, சி2-ஐ 25%-ஆல் பெருக்குங்கள். பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி. வரி 25000. இதே விலையுள்ள பெட்ரோல் காருக்கு 150000!

கவனிக்க: சி2-ல் மைனஸ் வந்தால் வரியே கிடையாது.

2024-ல் நார்வேயில் விற்ற புதிய கார்களில் 88.9% எலெக்ட்ரிக். சலுகை வேலை செய்தது. இனி குறைக்கலாம் அல்லவா? 2026-ல் வரம்பு 3 லட்சமானது. பி2-ல் 300000 என மாற்றுங்கள். வரி 75000 ஆகிவிடும். வரம்பைத் தனி செல்லில் வைத்ததால் ஃபார்முலாவைத் தொடவே வேண்டாம். அரசின் கொள்கை மாறும்போது நாம் மாற்றுவது ஒரே ஒரு எண்தான்!