கடைக்கு வரும் பேச்சு

போளூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடை நன்றாக ஓடுகிறது என்று உங்க அம்மா ஃபோனில் சொன்னாள். கூடவே ஒரு குறையும் சொன்னாள். "வேலை கொடுக்க வர்றவங்களைவிட பேச வர்றவங்கதான் அங்க ஜாஸ்தியாம்." அதைக் குறையென்று எடுத்துக்கொள்ளாதே. ஃபோன் டிஸ்ப்ளே மாற்ற நீ அரை மணி நேரம் கேட்கிறாய். அந்த அரை மணி நேரமும் கையில் ஃபோன் இல்லாத மனுஷன் வேறென்ன செய்வான்? பக்கத்தில் நிற்கிறவனிடம் பேசுவான். சலூன் பெஞ்சும் டீக்கடை பெஞ்சும் பார்த்த வேலையைத் திருப்பூரில் இப்போது உன் கடை பார்க்கிறது. வியாபாரத்துக்கும் அது நல்லதுதான்.

போன மாசம் வந்தபோது நானும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் கிரிக்கெட். அடுத்து எந்த ஃபோனில் கேமரா நல்லா இருக்கு, எதில் பேட்டரி சூடாகிறது. பிறகு யாரோ ஒருத்தர் ஒரு வீடியோவைக் காட்ட, பேச்சு கொலைக்குப் போய்விட்டது. மூன்றும் ஒரே மூச்சில், ஒரே சத்தத்தில். நீயும் சிரித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் தலையாட்டினாய். கடைக்காரன் அப்படித்தான் இருக்க வேண்டியிருக்கும். ஆனால் ஸ்டேஷன் ரைட்டராக உத்தியோகம் பார்த்தவனுக்கு அந்த மூன்றாவது பேச்சில் காது நிற்காமல் போகாது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கிரிக்கெட்டை நீ தடுக்கவே வேண்டாம். தெரியாததைத் தெரிந்த மாதிரி அடித்துப் பேசினாலும் யாருக்கும் நட்டமில்லாத இடம் அது ஒன்றுதான். 1986-ல் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவோடு ஆடிய டெஸ்ட் டை ஆனது. கடைசி விக்கெட் மணிந்தர் சிங், எல்.பி.டபிள்யூ. பந்து பேட்டில் பட்டதா இல்லையா என்று எங்கள் செட்டில் இன்னும் சண்டை போடுகிறோம். அதனால் ஒருத்தர் தலையும் உடைந்ததில்லை. 1999-ல் அதே மைதானத்தில் பாகிஸ்தானோடு ஆட்டம். 271 எடுத்தால் ஜெயம். சச்சின் முதுகு வலியோடு 136 அடித்து அவுட்டானபோது ஸ்கோர் 254. மீதி மூன்று விக்கெட்டும் நாலே ரன்னில் போயின. 12 ரன்னில் தோற்றோம். அப்புறம் பாகிஸ்தான் டீம் மைதானத்தைச் சுற்றி வந்தபோது சென்னைக் கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. கார்கில் சண்டைக்குச் சில மாதம் முன்னால் நடந்தது இது. பந்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பந்தைப் பற்றி மட்டும் பேசினால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அதைத்தான் நான் இன்றைக்கும் சொல்வேன்.

அந்தப் பேச்சு எங்கே தடம் மாறுகிறது என்பதும் உனக்குத் தெரியும். 2021 அக்டோபரில் துபாயில் பாகிஸ்தானிடம் பத்து விக்கெட்டில் தோற்ற ராத்திரி, பதினோரு பேர் ஆடிய ஆட்டத்துக்கு முகமது ஷமி ஒருத்தரைப் பிடித்துக்கொண்டார்கள். பந்துவீச்சைத் திட்டியிருந்தால் விட்டுவிடலாம். மதத்தைச் சொல்லித் திட்டினார்கள். கேப்டன் கோலி பத்திரிகையாளர்கள் முன்னால் அவருக்காகப் பேச வேண்டியிருந்தது. 2023 உலகக் கோப்பையில் அதே ஷமி 24 விக்கெட் எடுத்து முதலிடத்தில் நின்றபோது அந்த வாய்களெல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. உன் கடையில் ஒருத்தன் "அவன் யார்னு தெரியாதா" என்று ஆரம்பித்தால், அதன்பிறகு அது விளையாட்டுப் பேச்சில்லை. "அண்ணே, உங்க ஃபோன் ரெடி" என்று எடுத்துக் கொடுத்துவிடு. ரெடியாகாவிட்டாலும் கொடு.

டெக்னாலஜியைப் பற்றி உனக்கே நான் சொன்னால் உங்க அத்தை சிரிப்பாள். ஒன்று மட்டும் எழுதுகிறேன். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நம்ம குகேஷ் உலக செஸ் சாம்பியன் ஆன ஆட்டத்தை, உன் தம்பி லேப்டாப்பில் போட்டு எனக்கும் காட்டினான். பதினாலாவது ஆட்டம், டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. எதிரே ஆடிய டிங் லிரென், அதுவரைக்கும் அவர்தான் சாம்பியன், யானையை நகர்த்தினார். ஓரத்தில் ஒரு பட்டை இருக்கிறதே, கம்ப்யூட்டர் கணக்கு காட்டுவது, அது சடாரென்று சாய்ந்தது. உன் தம்பி "செத்தான்" என்று கத்தினான். அவனுக்குக் குதிரை எப்படிப் போகும் என்பதே போன வருஷம்தான் தெரியும். உலக சாம்பியன் செய்த தப்பு அவர் நாற்காலியில் இருக்கும்போதே இவனுக்குத் தெரிந்துவிட்டது. பட்டை சொன்னது, இவன் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டான்.

இந்த நினைப்புதான், மாப்பிள்ளை, மூன்றாவது பேச்சுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கையில் வீடியோ இருக்கிறது, சிசிடிவி இருக்கிறது, அப்புறம் போலீஸ் எதற்கு, கோர்ட் எதற்கு, நானே பார்த்துவிட்டேன் என்கிற நினைப்பு. முப்பது செகண்ட் காட்சி. சத்தம் கிடையாது. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பது கிடையாது, எந்த ஊர், எந்தத் தேதி என்பதும் கிடையாது. கோர்ட்டில் அந்தக் காட்சியைக் கொடுக்க வேண்டுமானால் அது எந்த மெஷினிலிருந்து எடுத்தது, யார் எடுத்தது என்று சான்றிதழ் இணைக்க வேண்டும். நான் இருந்தபோது அதைச் சாட்சியச் சட்டத்தின் பிரிவு 65பி என்போம், 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் பிரிவு 63. உன் கடை ஸ்டூலில் அந்தச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை.

கேட்காமல் விட்டதால் என்ன ஆகும் என்பதை நான் வெளியில் தேட வேண்டியதில்லை. நம்ம போளூர் பக்கத்திலேயே நடந்தது. 2018 மே மாதம். பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கு, வடக்கிலிருந்து வந்திருக்காங்க என்று வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த நேரம். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் குலதெய்வக் கோயிலுக்கு வந்தது. வழி கேட்க நின்ற இடத்தில், அறுபது தாண்டிய ஒரு அம்மா அங்கிருந்த பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான். சுற்றி வளைத்து அடித்ததில் அந்த அம்மா செத்துப்போனார், கூட வந்தவர்களுக்குப் பலத்த காயம். தமிழ் பேசுகிற குடும்பம், இந்த மண்ணில் குலதெய்வம் இருக்கிற குடும்பம்.

அந்த வருஷம் நாடு முழுக்க இந்த வதந்திக்குப் பலர் செத்தார்கள். மகாராஷ்டிராவில் துலே மாவட்டத்தில் ஒரே இடத்தில் ஐந்து பேர். அப்போது சுற்றிய வீடியோக்களில் ஒன்றில் பைக்கில் வரும் இரண்டு பேர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நடித்து எடுத்தது. குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடுகிற கடைசிக் காட்சியை வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். அதே வருஷம் ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்ட் பண்ண முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது.

அடித்தவர்களைப் பற்றி நான் யோசித்திருக்கிறேன். ரவுடிகளாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வராது. பிள்ளை பெற்றவர்கள், காலையில் பால் ஊற்றப் போகிறவர்கள். முந்தின நாள் வரைக்கும் நல்ல எண்ணத்தோடுதான் "ஜாக்கிரதையா இருங்க" என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள்.

திருப்பூரில் இது உனக்கு இன்னும் பக்கம். 2023 மார்ச்சில் பீகார்க்காரர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோ கிளம்பியது. வேறு காரணத்துக்காக வேறு இடங்களில் நடந்த அடிதடிகளை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். டி.ஜி.பி. வீடியோவில் வந்து மறுத்தார், பீகார் அரசு அதிகாரிகளை அனுப்பி விசாரித்தது. அதற்குள் எத்தனையோ பையன்கள் மூட்டை கட்டி ரயிலேறிவிட்டார்கள். இங்கே வடக்கத்தியான் பிள்ளை பிடிக்கிறான் என்கிறார்கள், அங்கே தமிழன் வடக்கத்தியானைக் கொல்கிறான் என்கிறார்கள். ஒரே சரக்கு, லேபிள் மட்டும் வேறு. உன் கடையில் ரீசார்ஜுக்கு நிற்கிற பையன்களில் பாதிப்பேர் அந்தப் பக்கத்தவர்கள்தானே? "இவனுங்க வந்த பிறகுதான் ஊர் கெட்டுச்சு" என்று அவர்கள் பக்கத்தில் நிற்கும்போதே ஒருத்தர் சொன்னதை நான் கேட்டேன். தமிழ் புரியாது என்று நினைத்துச் சொல்கிறார். நாலு வருஷம் பனியன் கம்பெனியில் வேலை செய்தவனுக்குப் புரியாதா?

நம்ம ஊரில் ஒரு கொலை நடந்தால் முதல் கேள்வி "எந்த ஆளுங்க?" என்பது. செத்தவன் யார் என்பதுகூட அடுத்த கேள்விதான். அந்தக் கேள்விக்கு உன் கடையில் யாரையும் பதில் சொல்ல விடாதே. நீ சொல்லவே சொல்லாதே.

கிரிக்கெட்டில் பேட்ஸ்மேனுக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுக்க எல்லாரும் தயார். டி.ஆர்.எஸ். வந்த பிறகும், பந்தில் பாதிக்குக் குறைவாக ஸ்டம்பில் படுவதாகக் காட்டினால் மெஷினே தீர்ப்புச் சொல்லாமல் அம்பயர் சொன்னதையே விட்டுவிடுகிறது. ஒரு விக்கெட்டுக்கு இவ்வளவு நிதானம். பிடிபட்டவன் ஒருத்தன் போட்டோ வந்தால் அஞ்சு நிமிஷத்தில் "என்கவுன்டர்ல போடணும்" என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. நான் யூனிஃபார்ம் போட்டவன் என்பதால் இதை ரசிப்பேன் என்று சிலர் என்னைப் பார்த்துச் சொல்வார்கள். நான் ரசித்ததில்லை.

அதற்காகப் பயப்படுகிறவர்களை ஏளனம் செய்துவிடாதே. கடைசி பஸ்ஸில் மகள் ஷிஃப்ட் முடிந்து வரவேண்டியிருக்கிற அம்மா பயப்பட்டால் அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. ஸ்டாப்பில் லைட் எரியவில்லை என்றால் அது எரிய வேண்டும். எங்கோ நடந்த கொலையை அந்த அம்மாவுக்குக் கதையாகச் சொல்லிப் பயனில்லை. 112, பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098 இவற்றை அவர் ஃபோனில் நீயே பதிந்து கொடு. அதற்கு மேல் பேச அவர் தயாராக இருந்தால், பயத்தை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதையும் சொல்லலாம். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் போடுகிற கணக்கில், பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். உறவு, பக்கத்து வீடு, வேலை இடம், காதலிப்பதாகச் சொன்னவன். நான் எழுதிய புகார்களும் அப்படித்தான் இருந்தன. பைக்கில் வந்த முகம் தெரியாதவன் செய்திக்கு வருகிறான். சித்தப்பா வருவதில்லை, வீட்டோடு முடிந்துவிடுகிறார்.

புகார் எழுதும்போது நாங்கள் முதலில் கேட்பது "நீங்க பார்த்தீங்களா, யாராவது சொன்னாங்களா?" என்பதுதான். கடையில் யாராவது ஒரு சம்பவத்தைச் சொல்ல ஆரம்பித்தால் நீயும் அதையே கேள். அதட்டலாகக் கேட்கத் தேவையில்லை. டீ வேணுமா என்கிற குரலில் கேட்டால் போதும். பத்தில் எட்டுப் பேர் "எல்லாரும் சொல்றாங்க" என்று இறங்கிவிடுவார்கள். உண்மையிலேயே பார்த்த ஒருத்தர் இருந்தால் அவரைக் கடையில் பேசவிடாதே, ஸ்டேஷனுக்கு அனுப்பு. புகார் கொடுத்தால் மனு ரசீது கேட்டு வாங்கச் சொல். அதைத் தராமல் அனுப்பப் பார்ப்பவர்களும் உண்டு, எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர், போட்டோ, தெரு எதுவும் உன் கடையில் ஒரு ஃபோனிலிருந்து இன்னொரு ஃபோனுக்குப் போகக்கூடாது. சட்டப்படி அது இரண்டு வருஷம் வரை ஜெயில். பொள்ளாச்சி பாலியல் வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரை ஒரு போலீஸ் அதிகாரியே பேட்டியில் சொன்னார், அரசாணையிலும் வந்தது. அடுத்து எத்தனை பெண்கள் வாயைத் திறக்காமல் போயிருப்பார்கள் என்று என்னால் கணக்குப் போட முடியாது. அதையும் மீறி வந்து சாட்சி சொன்னவர்களால்தான் 2025 மே மாதம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது.

உன் கடைக்கே வருகிற குற்றம் ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிட்டேன். "சி.பி.ஐ. பேசுறோம், உங்க பேர்ல பார்சல்ல போதைப்பொருள், வீடியோ காலை கட் பண்ணாதீங்க" என்று மிரட்டிப் பணம் பறிப்பது. டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பணம் போய்விட்டால் உடனே 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு தூரம் அந்தப் பணத்தை வங்கியில் நிறுத்த வாய்ப்பு. அழுதுகொண்டு உன் முன்னால் வந்து நிற்கிறவரிடம் "இதுகூட தெரியாதா" என்று சொல்லாமல் முதலில் அந்த நம்பரைப் போட்டுக் கொடு. படித்தவர்கள், ரிட்டயர்டு ஆபீசர்கள் எல்லாம் ஏமாந்திருக்கிறார்கள்.

கவுன்டருக்குப் பின்னால் டெம்பர் கிளாஸ் மாட்டியிருக்கிற இடத்துக்கு மேலே காலியாக ஒரு அட்டை அளவு சுவர் இருக்கிறது. அதில் 1930 என்று பெரிதாக எழுதி ஒட்டு. தமிழில் மட்டும் போதாது, இந்தியிலும் எழுது. பிழையில்லாமல் எழுத அந்த ரீசார்ஜ் பையன்களில் ஒருவனையே கேள். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துக் கேள்.

என் ஃபோனில் சார்ஜ் மத்தியானத்துக்குள் இறங்கிவிடுகிறது. அடுத்த தடவை வரும்போது பேட்டரி எடுத்து வா.

இப்படிக்கு,
உன் மாமா