டேனியர் தெருவா, திண்டுக்கல் மலையா, புதுவைக் கடற்கரையா?
ஆத்தூர்க்காரர்களுக்கு ஒரு நடைவழிகாட்டி

நம் ஆத்தூர், செம்பட்டி, சித்தையன்கோட்டைப் பக்கத்தில் யார் வீட்டிலாவது அறுபதாம் கல்யாணம் என்றால் திருக்கடையூருக்கு வேன் பிடிப்பது வழக்கம். ராத்திரி கிளம்பி, விடியலில் குளித்து, அமிர்தகடேஸ்வரர் கோயிலில் மாலை மாற்றி, அபிராமியைக் கும்பிட்டு, பந்தி முடிந்ததும் வேன் ஊர் திரும்பிவிடும். அந்தக் கோயிலுக்குத் தெற்கே சுமார் எட்டு கிலோமீட்டரில்தான் தரங்கம்பாடி இருக்கிறது. 1620 முதல் 1845 வரை, இடையில் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த சில ஆண்டுகள் போக, டென்மார்க்கின் கையில் இருந்த ஊர் அது.

ஐரோப்பாவின் வடபகுதியில் உள்ள பழைய நகரங்களை நடந்து பார்ப்பதற்கென்றே உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் போகிறார்கள். கோபன்ஹேகனின் கால்வாய்க் கரையும் ஸ்டாக்ஹோமின் பழைய தீவு நகரமும் அப்படிப்பட்டவை. டென்மார்க்கார் கட்டிய தெரு ஒன்றில் நடக்க நமக்கு விமானம் தேவையில்லை. ஒரு ராத்திரிப் பயணம் போதும். ஆனால் எல்லோருக்கும் தரங்கம்பாடிதான் சரி என்றும் சொல்ல முடியாது. பக்கத்தில் திண்டுக்கல் மலைக்கோட்டை இருக்கிறது. வசதியாகப் பார்க்கப் புதுச்சேரி இருக்கிறது. மூன்றில் யாருக்கு எது பொருந்தும் என்பதை நடந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் மூன்று கேள்விகள்

கையில் எத்தனை நாள் இருக்கிறது? கூட வருகிறவர்களின் முழங்கால் எவ்வளவு தாங்கும்? போய்விட்டு வந்த பிறகு மனதில் எது நிற்க வேண்டும், ஏறிப் பார்த்த உயரமா, ஒரு ஊரின் முழுக் கதையா, நல்ல தெருவும் நல்ல சாப்பாடுமா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பாதி முடிவு செய்தாகிவிட்டது.

திண்டுக்கல்: அரை நாள், ஏற்றம் அதிகம்

அரை நாள் மட்டும் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம். ஆத்தூரிலிருந்து காலை முதல் பஸ்ஸில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் மலையில் இருக்கலாம்.

1605-இல் மதுரை நாயக்கர் முத்துக் கிருஷ்ணப்பர் கட்டத் தொடங்கிய கோட்டை இது. பாறையிலேயே வெட்டிய படிகள். பல தலைமுறைக் கால்கள் பட்டு நடுவில் குழிந்து வழவழப்பாகியிருக்கின்றன. அதனால் நடுப்படியை விட்டு ஓரமாக ஏறுவது நல்லது. மேலே மதில், பீரங்கி மேடை, ஆயுதக் கிடங்கு, சிறை அறைகள், மழைநீர் தேங்கும் சுனைகள் எல்லாம் உண்டு. உச்சியில் இருக்கும் கோயிலில் மூலவர் இல்லை. அந்த வழிபாடு இப்போது கீழே ஊருக்குள் அபிராமி அம்மன் கோயிலில் நடக்கிறது.

1755-இல் இங்கே பௌஜ்தாராக, அதாவது படைத்தலைவராக, வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக் கைவினைஞர்களை வைத்துத் திண்டுக்கல்லில் ஆயுதப் பட்டறை நடத்தினார். அவர் பின்னாளில் மைசூரையே ஆளும் அளவுக்கு வளர்ந்ததற்கு அடித்தளம் விழுந்தது இந்தப் பாறையில்தான். கணவரை இழந்த சிவகங்கை ராணி வேலு நாச்சியார் 1772 முதல் சுமார் எட்டு ஆண்டுகள் விருப்பாட்சியிலும் திண்டுக்கல்லிலும் தங்கிப் படை திரட்டியதும் ஹைதரின் ஆதரவில்தான். மூன்றாம் மைசூர்ப் போரில் 1790-இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது.

இறங்கிய பிறகு நேரே பஸ் நிலையத்துக்குப் போய்விடாதீர்கள். அடிவாரத்தில் கோட்டை மாரியம்மன் கோயில். அங்கிருந்து ரத வீதிகள் வழியாக அபிராமி அம்மன் கோயில். பிறகு பேகம்பூர். ஹைதரின் தங்கை அமீருன்னிசா பேகம் அடங்கிய இடம் அது, ஊர்ப்பகுதிக்குப் பெயரும் அவரால் வந்தது. அடுத்து 1866-க்கும் 1872-க்கும் இடையில் கட்டிய புனித வளனார் பேராலயம். மாரியம்மன், அபிராமி, பேகம், வளனார் என நான்கு வாசல்களையும் ஒரே காலையில் கால்நடையாகத் தொட்டுவிடலாம். இதைவிட நெருக்கமான ஊர்ப்பாடம் வேறு எங்கும் கிடைக்காது.

குறை என்று சொன்னால் இரண்டு. ஏற்றம் வயதானவர்களுக்கு ஆகாது, மேலே நிழல் குறைவு. நகருக்குள் நடைபாதை சரியில்லாததால் வண்டிகளோடு ஒதுங்கி ஒதுங்கித்தான் நடக்க வேண்டும்.

தரங்கம்பாடி: ஒரு பகல், ஒரு இரவு

திண்டுக்கல்லிலிருந்து திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக ஏறத்தாழ 260 கிலோமீட்டர். செங்கோட்டை–மயிலாடுதுறை ரயில் திண்டுக்கல் வழியாகத்தான் ஓடுகிறது. மயிலாடுதுறையில் இறங்கி பஸ் பிடித்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620-இல் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஓவே கெட்டே என்ற தளபதி இங்கே டான்ஸ்போர்க் கோட்டையை எழுப்பத் தொடங்கினார். நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மிளகுக்கும் துணிக்கும் வந்தவர்கள் 1845-இல் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். பிறகு துறைமுகமும் ஆட்சியும் நாகப்பட்டினம் பக்கம் நகர்ந்தன. பெரிதாக வளரும் வாய்ப்பை ஊர் இழந்தது. பழைய தெருக்கள் இடிபடாமல் நின்றதற்கும் அதுவே காரணம்.

இங்கே நடக்க மூன்று அளவுகள் உண்டு.

சிறு நடை (ஒரு மணி நேரம்): திருக்கடையூர் கல்யாணம் முடிந்து வேனில் வருகிறவர்களுக்கு இது. ஊர் வாசலில் இறங்கிக்கொள்ளுங்கள். 1792 என்று ஆண்டு பொறித்த வெள்ளை வளைவு வாசல் அது. வேனை முன்னால் அனுப்பிவிட்டு ராஜா தெருவில் நடந்தால் பத்து நிமிடத்தில் கடல் தெரியும். வலது கைப்பக்கம் திறந்த மைதானத்தின் முனையில் டான்ஸ்போர்க் நிற்கும். கீழே கிடங்குகளும் சிறையும், மேலே ஆளுநரும் பாதிரியாரும் குடியிருந்த அறைகள். ஒட்டகத் திமில் போல வளைந்த கூரைக்குக் கீழே வெளியே கொதிக்கிற நேரத்திலும் குளுமை இருக்கும். உள்ளே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்று போகாதீர்கள்.

முழு நடை (மூன்று, நான்கு மணி நேரம்): வாசலுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் எல்லாத் தெருக்களையும் சுற்றுவது. என் கணக்கில் தரங்கம்பாடியைப் பார்த்தேன் என்று சொல்ல இதுதான் குறைந்தபட்ச அளவு. ராஜா தெருவில் 1701-ஆம் ஆண்டின் சீயோன் ஆலயம். சற்றுத் தள்ளிப் புதிய எருசலேம் ஆலயம். அதன் முகப்பில் நான்காம் பிரடெரிக் மன்னரின் முத்திரை எழுத்தும் கிரீடமும், கீழே 1718 என்ற ஆண்டும் இருக்கும். அந்த மன்னர் அனுப்பி 1706 ஜூலை 9-இல் இங்கே வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் பார்த்தலோமேயு சீகன்பால்க் உள்ளேதான் அடங்கியிருக்கிறார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தவர். 36 வயதில் இறந்துபோனார். அதற்குள் அச்சுக்கூடம் நிறுவிப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்திருந்தார்.

ராணி தெருவும் பொற்கொல்லர் தெருவும் விடக்கூடாதவை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்திய கலை, கலாசாரப் பாரம்பரிய அறக்கட்டளையான இன்டாக் பழுது பார்த்துக் கொடுத்த ஓட்டு வீடுகளை இங்கே பார்க்கலாம். திண்ணையும் மரத் தூணும் நம் ஊர் வீடு போலவே இருக்கும். நாலு எட்டு வைத்தால் உயரமான தூண்களும் அகல வராந்தாவும் வைத்த ஐரோப்பிய மாளிகை. கோட்டைக்கு எதிரே இருக்கும் டேனிஷ் ஆளுநர் மாளிகை 1784-ஐச் சேர்ந்தது, டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் துணையோடு சீரமைக்கப்பட்டது.

கடைசியில் கடற்கரையோடு வடக்கே போனால் மாசிலாமணிநாதர் கோயில். டேனியர் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே, 1306-இல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. பெரும் பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. பழைய கோயிலின் முகத்தில் அலையை மறிக்கப் போட்ட பாறாங்கற்கள் குவிந்து கிடக்கின்றன. அந்தக் கல்லில் உட்கார்ந்து ஒரு பக்கம் பாண்டியன் கோயிலையும் மறுபக்கம் டேனியர் கோட்டையையும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் மீனவர்கள் வலை உலர்த்திக்கொண்டிருப்பார்கள். அந்த இருவருக்கும் முன்னாலிருந்து இன்றுவரை இந்தக் கரையை விடாதவர்கள் அவர்கள்தான்.

நீண்ட நடை (ஒரு முழு நாள்): மேற்சொன்னதோடு பொறையாறு போய்த் திரும்புவது. அச்சுக்கூடத்துக்குக் காகிதம் போதாமல் போனதால் சீகன்பால்க் காலத்தில் அங்கே காகித ஆலை தொடங்கினார்கள். கடுதாசிப்பட்டறை என்ற இடப்பெயராக அது இன்றும் நிற்கிறது. பார்க்கப் பழைய கட்டடம் ஒன்றும் கிடையாது. தமிழ் அச்சின் வரலாற்றில் பிடிப்பு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தத் தூரத்தைச் சொல்வேன்.

தரங்கம்பாடியின் குறை, தங்கும் இடமும் உணவகமும் குறைவு. முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு போக வேண்டும். ராத்திரித் தங்கல் கட்டாயம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கிழக்குப் பார்த்த கடல் என்பதால் கோட்டை மதிலில் முதல் வெளிச்சம் விழுவதைத் தங்கியவர்கள்தான் பார்ப்பார்கள். பகல் பதினொன்றுக்கு மேல் மைதானத்தில் நிற்க முடியாது.

புதுச்சேரி: இரண்டு நாள், சமதரை

ஏறத்தாழ 300 கிலோமீட்டர். திண்டுக்கல்லிலிருந்து விழுப்புரத்துக்கு ரயில்கள் நிறைய உண்டு, அங்கிருந்து ஒரு மணி நேரம். 1674-இல் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறிய இந்த நகரத்தை 1761-இல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் நடக்கும் மஞ்சள் சுவர்த் தெருக்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகு எழுந்தவை.

நடக்கிறவர்களுக்கு இதைவிட வசதியான பழைய ஊர் தமிழ் மண்ணில் இல்லை. தெருக்கள் கட்டம் போட்டது போல் நேராகப் போவதால் வழி தவறாது. மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலைவரை கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. சக்கர நாற்காலியில் இருப்பவரையும் கூட்டிப்போகலாம். பலரும் நகரை இரண்டாகப் பிரிக்கும் கால்வாய்க்குக் கிழக்கே இருக்கும் பிரெஞ்சுப் பகுதியோடு திரும்பிவிடுகிறார்கள். மேற்கே தமிழர் தெருக்களுக்கும் போங்கள். வைசியாள் தெருவின் திண்ணைகளும் தாழ்வாரங்களும், பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்து இருபத்தைந்து ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையும் அந்தப் பக்கத்தில்தான். குறை, விடுமுறை நாள் கூட்டமும் அறை வாடகையும்.

மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

செலவு குறைய வேண்டுமா, திண்டுக்கல். பஸ் கட்டணமும் நுழைவுச் சீட்டும் ஒரு சாப்பாடும்தான்.

அப்பத்தா, தாத்தாவைக் கூட்டிப்போகிறீர்களா, புதுச்சேரி. திருக்கடையூர் வரை வருகிறார்கள் என்றால் தரங்கம்பாடிச் சிறு நடையும் அவர்களால் முடியும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு என்றால் முதலில் திண்டுக்கல், அடுத்த விடுமுறையில் தரங்கம்பாடி. ஹைதரின் பட்டறைக்குப் பிரெஞ்சுக்காரர்கள் ஏன் வந்தார்கள் என்று பிள்ளை கேட்கும். கடற்கரை ஊர்களில் ஐரோப்பியர் போட்டி போட்டுக்கொண்டு கோட்டை கட்டிய கதையை அப்போது சொல்லலாம்.

நடப்பதற்காகவே போகிறவர்களுக்குத் தரங்கம்பாடி. ஒரு ஊரை அதன் வாசலில் நுழைந்து கடைசித் தெருவரை ஒரே நாளில் முழுதாக நடந்து முடிப்பது அங்கேதான் கைகூடும்.

கிளம்பும் முன்

மார்கழி பிற்பாதி முதல் மாசி வரை மூன்றுக்கும் ஏற்ற காலம். ஐப்பசி, கார்த்திகையில் கடலோரம் மழையும் புயலும் வரும், தரங்கம்பாடியைத் தள்ளிப்போடுங்கள். தண்ணீர், தொப்பி, பிடிப்பான அடிப்பாகம் உள்ள செருப்பு அவசியம். மலைக்கோட்டையில் தின்பண்டப் பை தெரிந்தால் குரங்கு பறிக்கும். கோயில், பள்ளிவாசல், ஆலயம் மூன்றிலும் வழிபாட்டு நேரத்தை விசாரித்து, அது முடிந்த பிறகு உள்ளே போங்கள். மதில் சுவரில் பெயர் செதுக்கும் பிள்ளைகளைக் கண்டால் தடுங்கள்.

என் தீர்ப்பு

ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் தரங்கம்பாடி, ஒரு ராத்திரித் தங்கலோடு. ஆனால் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல் மலையில் ஏறி, உச்சியிலிருந்து தென்மேற்கே நம் ஆத்தூரின் மலையடிவாரத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். சொந்த ஊர்க் கோட்டையில் நின்றவர்களுக்கு வேற்று நாட்டார் கட்டிய கோட்டை கூடுதலாகப் புரியும்.

அடுத்த முறை உங்கள் வீட்டில் அறுபதாம் கல்யாணத்துக்கு வேன் பேசும்போது டிரைவரிடம் மாலை வரை என்று சொல்லிப் பேசுங்கள். பந்தி முடிந்து சற்று ஓய்வெடுத்து, வெயில் தாழ நாலரைக்கு அந்த வெள்ளை வாசலில் இறங்கிவிடுங்கள். மாலையும் கழுத்துமாக இருக்கும் அப்பாவும் அம்மாவும் ராஜா தெருவில் கடலை நோக்கிச் சேர்ந்து நடக்கட்டும்.