மாய எண் 20 எங்கே போயிற்று?

மண்பானை வாங்குகிறவர்கள் விரலால் சுண்டிப் பார்த்து, எழும் ஓசையைக் கொண்டு அதன் தரத்தை அறிவார்கள். அணுக்கருவின் உள்ளமைப்பை அறியவும் ஏறக்குறைய இதே வழிதான். அணுக்கருவைத் தட்டி, அது வெளியிடும் காமாக் கதிரின் ஆற்றலை அளக்க வேண்டும்.

அணுவில் எலெக்ட்ரான்கள் கூடு கூடாக அமைந்திருப்பதைப் படித்திருப்பீர்கள். அணுக்கருவினுள்ளும் புரோட்டான்களுக்குத் தனியாகவும் நியூட்ரான்களுக்குத் தனியாகவும் கூடுகள் உண்டு. 2, 8, 20, 28, 50, 82, 126 ஆகிய எண்ணிக்கைகளில் கூடுகள் நிரம்புகின்றன. இவற்றை 'மாய எண்கள்' என்பர், பெயரில்தான் மாயம். இதன் காரணத்தை 1949-இல் விளக்கிய மரியா கோப்பர்ட் மேயரும் ஹான்ஸ் யென்சனும் 1963-இல் நோபல் பரிசு பெற்றனர்.

கூடு நிரம்பிய அணுக்கரு எளிதில் கிளர்ச்சி அடையாது. கந்தகம்-36இல் 16 புரோட்டான்கள், 20 நியூட்ரான்கள். அதை முதல் கிளர்ச்சி நிலைக்கு ஏற்ற 3.29 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் தேவை. மக்னீசியம்-32இலும் நியூட்ரான்கள் 20தான்; புரோட்டான்கள் மட்டும் 12. அதுவும் இப்படியே உறுதியாக இருக்குமா? 1975-இல் செர்ன் ஆய்வகத்தில் சோடியம் ஐசோடோப்புகளின் நிறையை அளந்தபோதே இந்தப் பகுதியில் ஐயம் எழுந்திருந்தது.

ஆனால் மக்னீசியம்-32இன் அரை ஆயுள் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதைத் தகடாக்கி வைத்துத் தட்டுவது எப்படி? தட்டும் பொருளையும் தட்டப்படும் பொருளையும் இடம் மாற்றிவிட்டார்கள்! ஜப்பானின் ரிக்கன் ஆய்வு நிலையத்தில் ஆர்கான் அணுக்கருக்களைப் பெரிலியத் தகட்டில் மோதவிட்டு உடைத்தனர். சிதறிய துண்டுகளிலிருந்து மக்னீசியம்-32ஐக் காந்தங்களால் பிரித்து, ஒளியின் வேகத்தில் சுமார் 30 விழுக்காட்டு வேகத்துடன் ஈயத் தகட்டின்மீது செலுத்தினர். ஈயத்தின் கருவில் 82 புரோட்டான்கள். அதன் அருகே கடந்து செல்லும் கரு, தொடாமலேயே மின்விசையால் உலுக்கப்படும். ஓடும் ரயிலின் ஊதல் சுருதி மாறிக் கேட்பதுபோல, விரையும் கருவின் காமாக் கதிரும் ஆற்றல் மாறித் தெரியும். அதையும் கணக்கிட்டுத் திருத்தினர்.

1995-இல் வெளியான முடிவு வியப்பானது. கதிரின் ஆற்றல் 0.885 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் மட்டுமே. இந்த எண் சோடியம்-32இன் சிதைவிலிருந்து முன்பே தெரிந்ததுதான். அந்தக் கதிர்கள் எவ்வளவு தாராளமாக வந்தன என்பதே புதிய செய்தி. அவ்வளவு எளிதில் உலுக்கப்படும் கரு உருண்டையாக இருக்க முடியாது, நீண்டிருக்க வேண்டும். அதாவது, இங்கே 20 மாய எண் அன்று.

காரணம் என்ன? 20-க்குச் சற்றுக் கீழேயுள்ள நியூட்ரான் நிலையைச் சில புரோட்டான்கள் தம் ஈர்ப்பால் தாழ்த்தி வைத்திருக்கின்றன. அந்தப் புரோட்டான்கள் குறைந்தால் பிடி தளர்கிறது. நியூட்ரான் நிலை மேலெழும்பி, 20-க்கு மேலிருந்த ஆற்றல் இடைவெளியைக் குறுக்கிவிடுகிறது. 16-க்கு மேல் புதிய இடைவெளி திறக்கிறது.

ஆக்சிஜன்-28இல் புரோட்டான்கள் 8, நியூட்ரான்கள் 20. பழைய பட்டியலின்படி இரட்டை மாயம்! 2023-இல் வெளியான ரிக்கன் ஆய்வில், ஃபுளூரின்-29இலிருந்து ஒரு புரோட்டானைத் தட்டி நீக்கி அதை உண்டாக்கியிருந்தனர். உருவான கணமே அது நான்கு நியூட்ரான்களை உதறிவிட்டு ஆக்சிஜன்-24 ஆயிற்று. அதில் எஞ்சிய நியூட்ரான்கள் 16.