விலை உயர்ந்த புற்றுநோய் மருந்து: பணம் கட்டும் முன் செய்ய வேண்டியவை

2012-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்களுக்குத் தரப்படும் சோராஃபெனிப் மாத்திரைக்கு ஒரு மாதச் செலவு ஏறத்தாழ 2,80,000 ரூபாய். அந்த மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமை பெற்றவரின் சம்மதம் இல்லாமலே அதைத் தயாரிக்கும் அனுமதி, வழங்கியது. அதே மருந்து மாதம் 8,880 ரூபாய்க்குக் கிடைத்தது. எல்லா மருந்துக்கும் இப்படி நடப்பதில்லை. ஆனாலும் மருத்துவமனையில் முதலில் சொல்லும் தொகைதான் முடிவான தொகை என்று நினைத்துவிட வேண்டாம்.

பல குடும்பங்கள் அந்தத் தொகையைக் கேட்ட அன்றே நகையை அடகு வைத்துவிடுகின்றன. அரசு நிதி உதவிகள் பலவும் இனி ஆகப்போகும் செலவுக்குத்தான். ஏற்கெனவே கட்டிய பணத்தைத் திருப்பித் தருவதில்லை. அதனால் கீழே உள்ள வரிசையிலேயே செல்லுங்கள்.

1. மருந்தைப் பற்றித் தெளிவாகக் கேளுங்கள்

மருந்தின் பிராண்ட் பெயரோடு மூலப்பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இது நோயைக் குணப்படுத்தவா, கட்டுப்படுத்தவா? மொத்தம் எத்தனை டோஸ்? முதல் டோஸுக்கு எத்தனை நாள் அவகாசம் இருக்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் வாங்குங்கள். உதவிக்கு விண்ணப்பிக்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது கடைசிக் கேள்வியின் பதிலில்தான் தெரியும்.

மார்பகப் புற்றுநோய்க்கான டிராஸ்டுசுமாப் ஊசியை எடுத்துக்கொள்வோம். கட்டியில் ஹெர்-2 புரதம் மிகுதியாக இருப்பவர்களுக்கே இது பயன்படும். பயாப்சி அறிக்கையில் 3+ என்றிருந்தால் பொருந்தும். 2+ என்றிருந்தால் ஃபிஷ் பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். அந்த முடிவு வரும் முன் மருந்துக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

2. அதே பலனுக்கு மலிவான வழி உண்டா?

இமாடினிப், ஜெஃபிடினிப், அபிராடெரோன், லெனலிடோமைட் போன்றவை இந்தியாவில் ஜெனரிக் மாத்திரைகளாகவே கிடைக்கின்றன. டிராஸ்டுசுமாபுக்கு ஒப்பான உயிரியல் மருந்து, அதாவது பயோசிமிலர், 2014 முதல் இங்கே விற்பனையில் இருக்கிறது. “இதற்கு ஜெனரிக் அல்லது பயோசிமிலர் இருக்கிறதா டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள்.

அளவையும் விசாரியுங்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை, தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றியவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. குறைந்த அளவு கீமோ மாத்திரைகளோடு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப் என்ற ஊசி மருந்தைச் சேர்த்தபோது, ஓராண்டு கடந்து உயிருடன் இருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்தார்கள். இந்த 20 மில்லிகிராம் வழக்கமான அளவில் மிகச் சிறிய பங்கு.

குப்பிக் கணக்கும் பாருங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு டிராஸ்டுசுமாப் தொடர் டோஸ் 360 மில்லிகிராம். 440 மில்லிகிராம் குப்பியை உடைத்தால் 80 மிஞ்சும். அதை முறையாகப் பாதுகாத்து அடுத்த டோஸுக்குப் பயன்படுத்த முடியுமா, சிறிய குப்பி கிடைக்குமா என்று மருத்துவமனையில் கேளுங்கள். அளவை மாற்றுவது மருத்துவர் முடிவு. நாமாகக் குறைக்கக் கூடாது.

3. அரசுக் காப்பீடு

தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அட்டை இல்லையென்றால் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குச் செல்லுங்கள். பிறகு மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்ட்டரில், உங்கள் மருந்து திட்டத்தில் வருகிறதா, எத்தனை டோஸ் வரை என்று கேளுங்கள். அங்கே இல்லையென்றால் வேறெந்த மருத்துவமனையில் கிடைக்கும் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

4. நிவாரண நிதிகள்

பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கு விண்ணப்பிக்க நோயாளியின் புகைப்படம், இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, நோயையும் உத்தேசச் செலவையும் குறிப்பிட்ட மருத்துவச் சான்று ஆகியவை வேண்டும். பணம் நேராக மருத்துவமனைக்குப் போகும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு சுகாதார அமைச்சரின் புற்றுநோயாளர் நிதியும் உண்டு. இது மண்டலப் புற்றுநோய் மையங்கள் வழியாகக் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் காஞ்சிபுரம் அரசு அறிஞர் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனையும் அத்தகைய மையங்கள். இந்த விண்ணப்பங்களில் வழிகாட்ட மருத்துவ சமூகப் பணியாளர் இருக்கிறாரா என்று விசாரித்து, முதல் நாளே சந்தியுங்கள்.

5. தனியார் காப்பீடு இருந்தால்

“மாத்திரைக்கெல்லாம் கிளைம் இல்லை” என்ற வாய்மொழிப் பதிலை ஏற்காதீர்கள். வாய்வழி கீமோ, மோனோகுளோனல் ஆன்டிபாடி ஊசி ஆகியவற்றைப் பாலிசியிலிருந்து விலக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-லேயே விதி வகுத்தது. உச்சவரம்பு இருக்கலாம்; அதைப் பாலிசியில் பாருங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் தீர்வு வராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் புகார் தரலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

6. மற்ற வழிகள்

சில மருந்து நிறுவனங்கள், குறிப்பிட்ட டோஸ்களை வாங்கினால் மீதியை இலவசமாகத் தருகின்றன. மருத்துவர் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். முதல் டோஸ் வாங்கும் முன்பே கேட்பது நல்லது. மருத்துவ ஆய்வில் சேர்ந்தாலும் ஆய்வு மருந்து இலவசமாகக் கிடைக்கலாம். அந்த ஆய்வு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் உள்ளதா என்று பார்த்து, ஒப்புதல் படிவத்தை முழுதும் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். இந்தியாவில் விற்கப்படாத மருந்து என்றால், சொந்தப் பயன்பாட்டுக்குச் சிறிய அளவில் இறக்குமதி செய்ய மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் படிவம் 12ஏ வழியாக அனுமதி கேட்கலாம்.

7. கையிலிருந்து வாங்க நேர்ந்தால்

எம்.ஆர்.பி. என்பது உச்ச விலை மட்டுமே. மருத்துவமனை மருந்தகம், மொத்த விற்பனையாளர், மத்திய அரசின் அம்ரித் மருந்தகம் ஆகியவற்றில் விலையை ஒப்பிடுங்கள். பில் இல்லாமல் “பாதி விலை” என்று வந்தால் வாங்காதீர்கள். விலை உயர்ந்த மருந்துகளின் காலிக் குப்பிகளில் போலி மருந்து நிரப்பி விற்ற கும்பலை 2024 மார்ச்சில் டெல்லி போலீஸ் பிடித்தது. பில்லில் உள்ள பேட்ச் எண் குப்பியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். டிராஸ்டுசுமாப் போன்ற ஊசிகளை 2 முதல் 8 டிகிரி குளிரில், உறையவிடாமல் வைக்க வேண்டும். ஊசி போட்டு முடிந்ததும், காலிக் குப்பி போலி மருந்துக்குப் பயன்படாமல் இருக்க, அதன் லேபிளைக் கிழித்துவிடும்படி செவிலியரிடம் சொல்லுங்கள்.

எல்லா வழியும் அடைபட்டால் யாரிடமும் சொல்லாமல் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். “பணம் இன்னும் வரவில்லை” என்று அடுத்த டோஸ் தேதிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். வேறு மருந்து, வேறு மருத்துவமனை, சிகிச்சையின் வரிசையை மாற்றுவது என்று அவரிடம் வழி இருக்கலாம். நம் நிலைமையைச் சொன்னால்தான் அதை அவர் யோசிக்க முடியும்.