ஆஸ்பிரின் மட்டும்தான் ஆகாதா?

"எனக்கு ஆஸ்பிரின்தான் ஆகாது டாக்டர், அதனால் டைக்ளோஃபெனாக் போட்டேன்." மூச்சு விட முடியாமல் தவித்துக்கொண்டே நோயாளிகள் இதைச் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. யார் கிளப்பிவிட்ட கதை இது?

ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், நாப்ராக்சென் எல்லாமே காக்ஸ்-1 என்ற நொதியை முடக்கும் மருந்துகள். ஆஸ்பிரின் ஆகாத ஆஸ்துமா நோய் உள்ளவர்களுக்கு அது முடங்கியதும், மூச்சுக்குழாயைச் சுருக்கும் லூக்கோட்ரையீன்கள் கட்டுக்கடங்காமல் சுரக்கும். பெரும்பாலும் அரை மணியிலிருந்து 3 மணி நேரத்துக்குள் மூக்கடைத்து, கண் சிவந்து, நெஞ்சு இறுகும். ஒன்று ஆகாதென்றால் அந்த வகை முழுதும் ஆகாது. ஊசியாகப் போட்டாலும் அதே கதிதான். கீட்டோரோலாக் கண் சொட்டு மருந்துகூடச் சிலருக்கு ஆஸ்துமாவைத் தூண்டியிருக்கிறது.

இதொன்றும் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. ஆஸ்துமா, மூக்கில் சதை, ஆஸ்பிரின் ஒவ்வாமை மூன்றும் சேர்ந்து வருவதை 1922இலேயே பிரான்சில் விடால் என்ற மருத்துவர் விவரித்தார். 1968இல் சாம்டர், பியர்ஸ் என்ற இரு மருத்துவர்கள் இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள்.

"இத்தனை வருஷம் போட்டேனே, ஒன்றும் ஆகலையே?" பெரும்பாலோருக்கு இந்த நோய் தொடங்குவதே 30, 40 வயதில்தான். தோல் பரிசோதனையில் இது தெரியாது. மூக்குச் சதையை அறுத்தெடுத்தாலும் பலருக்குத் திரும்ப வளரும். அதனால் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயை நிறுத்தக் கூடாது. வலி மாத்திரையை விட்டதும் ஆஸ்துமா போய்விடும் என்று இன்ஹேலரைத் தூக்கிப் போடுவது வடிகட்டிய முட்டாள்தனம்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் 500 மி.கி. பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும், 1000 மி.கி. சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. இதய நோய்க்கு ஆஸ்பிரின் அவசியமானால், மருத்துவமனையில் கண்காணிப்போடு சிறிது சிறிதாக அளவைக் கூட்டி உடம்பைப் பழக்கலாம். பழகியபின் தினமும் போட வேண்டும். சில நாள் விட்டாலே பழக்கம் போய்விடும். வீட்டில் சோதித்துப் பார்க்கிற வேலை வேண்டாம்.

மெடிக்கல் ஷாப்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். "உடம்பு வலி" என்று வந்து நிற்பவர் கையில் நாலு மாத்திரையை உதிரியாகக் காகிதக் கவரில் போட்டுக் கொடுப்பதை நிறுத்துங்கள். பாராசிட்டமாலோடு அசெக்ளோஃபெனாக் சேர்ந்த மாத்திரையைப் பாராசிட்டமால் என்றே நினைத்து விழுங்குகிறார்கள். மூச்சுத் திணறி வந்தவரிடம் என்ன போட்டீர்கள் என்று கேட்டால், "மஞ்சள் கலர் மாத்திரை" என்கிறார். கவர் மேல் மருந்தின் பெயரை எழுதிக் கொடுங்கள். வாங்குகிறவர்களும் பெயர் இல்லாத மாத்திரையை வாங்காதீர்கள். ஆஸ்துமா இருக்கிறதென்று கடையில் முதலிலேயே சொல்லுங்கள்.